வீங்கிய டப்பா

அத்தியாயம் பதினொன்று

ஒரு வீட்டில் ஒருத்தர் பேசுவதை நிறுத்திவிட்டால், அவருடைய பங்கையும் சேர்த்து மற்றவர்கள் பேசித் தீர்ப்பார்கள். மாமனாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போனதிலிருந்து அந்த வீட்டில் அதுதான் நடந்தது. நாத்தனார் பேசினாள். மாமியார் பேசினாள். ரேடியோ பேசியது. மாமனார் மட்டும் மாடி அறையில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

உதடு அசையும், சத்தம் வராது. அந்த உதட்டில் என்ன ஓடுகிறது என்று படிக்கத் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான். மருமகள்.

யாரும் கற்றுக்கொடுத்த வித்தை இல்லை அது. மீன் டப்பா ஆலையில், மூடி அடிக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் வருஷக்கணக்காக நிற்பவள் அவள். அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. "சாப்பிட்டியா?" முதல் "மேனேஜர் வர்றான், போனை உள்ளே வை" வரைக்கும் எல்லாமே உதட்டில்தான். கணவன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன். அவன் வீட்டில் இல்லாத நாட்களில், மாமனாருக்கும் உலகத்துக்கும் நடுவில் அவள்தான் பாலம்.

குரல் போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் போய் வந்தது. மூக்குக்கு வேலை இல்லை. வேலை இல்லாத மூக்குக்கு வாசனையும் இல்லை.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து வந்த பயிற்சி அம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே கொட்டாவி விட வேண்டும். தாடை இறங்கும்போது கொஞ்சம் காற்று மூக்கு வழியாக உள்ளே வரும். காற்றோடு வாசனையும் வரும். மாமனார் எல்லோர் முன்னாலும் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு முயன்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கோப்பையைத் தள்ளிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தவர்தான்.

அன்றிலிருந்து அவர் சாப்பிடுவது தபால்பெட்டியில் கடிதம் போடுவது மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போகிறது, அவ்வளவுதான். போடுகிற கடிதமும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது.

"விட்டுடாதீங்க," என்று பயிற்சி அம்மா வாசலில் மருமகளிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "மூக்கு மறந்தா பரவாயில்லை, பழக்கிடலாம். மனசு மறந்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த நிலைமையில்தான் இன்று காலை நாத்தனார் கையில் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டே சமையலறைக்குள் வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை அவளுக்கு நேரம் உண்டு. அந்த நேரம் முழுவதும் வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை உண்டு.

"டப்பா அண்ணி, இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே? அந்தச் சனியனையெல்லாம் வெளியே எடுத்து வைங்க. பழைய சாமான்காரரை வரச் சொல்லிட்டேன்."

சனியன் என்பது படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலமாரி. அதற்குள் மாமனார் பைப்பில் புகை பிடிக்கிற காலத்தில் தன் கையால் கலந்து, அழுத்தி, அடைத்து வைத்த புகையிலை டப்பாக்கள் இருந்தன. வருஷக்கணக்கில் மூடி வைத்தால் புகையிலைக்கு ருசி கூடும் என்பது அவர் நம்பிக்கை.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று மருமகள் இழுத்தாள்.

"வார்த்தையா? அவர் வார்த்தையைத் தின்னதே அந்த டப்பாதானே அண்ணி!"

சொன்னது நியாயம். நாத்தனாரின் கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிக்கொண்டு அலைந்தவள் அவள்தான்.

மாமியார் ஜன்னலோரம் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து புகையைத் திட்டி வந்தவள். ஆனால் இன்று சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

மருமகளுக்கு எதையும் வரிசையாகச் செய்தால்தான் கை ஓடும். வரிசையாகச் செய்தாலும், சரியாகத்தான் செய்தோமா என்று திரும்பி ஒரு தடவை பார்த்தால்தான் மனசு ஆறும். ஒரு பழைய போர்வையைத் தரையில் விரித்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டாள். அலமாரிக் கதவைத் திறந்தாள்.

இந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் அதற்குள் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. புகையிலைக் குப்பை என்றுதான் நினைத்திருந்தாள்.

உள்ளே குளுமையாக இருந்தது. உள்ளங்கை அகலத்தில் வட்டமான தட்டை டப்பாக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. படமோ பெயரோ எதுவும் இல்லை. ஒவ்வொன்றின் மேலும் வருஷத்தை மட்டும் எழுதி ஒட்டிய சிறு காகிதம். டார்ச் வெளிச்சம் பட்டதும் எல்லா மூடிகளும் ஒரே நேரத்தில் கண் விழித்தது போல மின்னின.

முதல் டப்பாவை எடுத்தாள். கை பழக்கதோஷத்தில் விளிம்பைத் தடவியது.

டப்பாவின் உடம்பும் மூடியும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து பிடித்துக்கொள்ளும் இடம் அது. டப்பாவின் உயிர் அந்த மடிப்பில்தான். ஆலையில் அதற்கென்று ராட்சத இயந்திரம் உண்டு. அதைக் கவனிக்க ஆட்கள் உண்டு. அப்படியும் சில நாள் மடிப்பு நெளியும், மேலேயிருந்து ஒருத்தர் வந்து கத்துவார். மாமனாரிடம் இருந்ததோ, மூடிப்போன ஒரு பழச்சாறுக் கம்பெனியில் வாங்கிய, கையால் சுற்றுகிற சின்ன இயந்திரம். அவள் நகம் விளிம்பைச் சுற்றி வந்தது. ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே.

ஆலையில் டப்பாவின் மேல் சிறு கம்பியால் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. உள்ளே காற்றில்லாமல் நன்றாக அடைபட்டிருந்தால் மணி மாதிரி ஒலிக்கும். ஓட்டை இருந்தால் செத்த சத்தம் வரும். ஒரு தேக்கரண்டியை எடுத்துவந்து அதன் காம்பால் தட்டினாள்.

டிங்.

அடுத்தது. டிங்.

மேல்தட்டின் கடைசியில் இருந்தவை ரொம்பப் பழசு. ஒன்றின் மேல் இருந்த வருஷத்தைப் படித்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் அவள் இரண்டாம் வகுப்பில் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வளர்ந்தாள். வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆனது. வீடு மாறினாள். அழுதாள், சிரித்தாள். அத்தனை நாளும் இந்த இலை இருட்டில், வெளிக்காற்று ஒரு துளிகூடப் படாமல், தன் பாட்டுக்குப் பழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் கண்ணுக்குத் தெரியாத எவ்வளவோ காரியம் அதற்குள் நடந்திருக்கும்.

தேக்கரண்டியால் மெதுவாகத் தட்டினாள், தூங்குகிற பிள்ளையைத் தொடுவது போல.

டிங்.

"இவர் எங்க ஆலைக்கு வந்திருந்தா எங்க சூப்பர்வைசர் எழுந்து நின்னிருப்பார்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் பின்வரிசையில் தனியாக, ஒரு துணியின் மேல் வைத்திருந்த டப்பா கையில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

அது வீங்கியிருந்தது. மேலும் கீழும் தவளை வயிறு மாதிரி புடைத்திருந்தது. தரையில் வைத்தால் நிற்காமல் ஆடியது. காம்பால் தட்டினாள்.

டொக்.

ஆலையில் வீங்கின டப்பா என்றால் அந்த வரிசை முழுவதும் நிற்கும். உள்ளே கெட்டுப்போய், விஷவாயு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். வெடித்தால் ஆபத்து. தின்றால் அதைவிட ஆபத்து. தனியே கொண்டுபோய், ஈரத்துணி போட்டு, குத்திக் காற்றை இறக்கி, அழித்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மனப்பாடம் செய்ய வைத்த பாடம் அது.

அவள் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு முன்பே கால்கள் சமையலறைக்குப் போய்விட்டன. டப்பாவைத் தொட்டிக்குள் வைத்தாள். ஈரத்துணியைப் போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குத்தூசியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஸ்ஸ்ஸ்...

அழுகல் நாற்றத்துக்குத் தயாராக நின்றவள், எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்திருப்பாள்? விட்டாள். இழுத்தாள்.

இழுத்த மூச்சு பாதியில் நின்றது.

அவள் மூக்கு மீனில் ஊறிய மூக்கு. பூவைக் கொடுத்தால்கூட முதலில் மீன்தான் தெரியும் என்று கணவன் கேலி செய்வான். அந்த மூக்குக்குள்ளேயே இது கதவைத் திறந்துகொண்டு வந்தது. மழைக்கு முந்தின மண் இருந்தது. பழைய மரப்பெட்டி இருந்தது. காய்ந்த பழமா, புதுத் தோல் செருப்பா என்று சொல்ல முடியாத ஏதோ இருந்தது. எல்லாம் ஒன்றாகி, ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் விடுகிற மூச்சு போலச் சமையலறையை நிறைத்தது. இது இப்போது உண்டான வாசனை இல்லை. வருஷங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து உண்டான வாசனை.

அவள் கட்டைவிரல் தானாகவே துளையை அடைத்தது.

"என்ன அண்ணி அங்கே சத்த..." என்று உரத்த குரலில் வந்த நாத்தனார் வாசற்படியிலேயே நின்றாள். குரல் தானாக இறங்கியது. "என்ன அண்ணி இது?"

"டப்பா வீங்கியிருந்துது. கெட்டுப்போச்சுன்னு நினைச்சு குத்திட்டேன்."

நாத்தனார் கிட்டே வந்து துணியை விலக்கிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"இதையா? ஐயோ அண்ணி! இதையா குத்தினீங்க?"

"ஏன்?"

"வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைத்தான் எடுத்துக் காட்டுவார். 'உள்ளே இலை உயிரோட இருக்கு, மூச்சு விடுது, அதான் வயிறு உப்புது'ம்பார். 'மத்ததெல்லாம் என் வேலை, இது என் கிரீடம்'ம்பார். என் கல்யாணத்தன்னிக்குத் திறங்கப்பான்னு கேட்டேன். 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்'னுட்டார். அவ்வளவு பைத்தியம் இது மேல."

அந்த அலமாரியைக் காலி செய்யத் துடித்தவள்தான். ஆனால் சொல்லும்போது குரல் உடைந்தது.

மருமகள் கட்டைவிரலை இன்னும் அழுத்தினாள். மீன் டப்பாவின் சட்டத்தைக் கொண்டுவந்து இதன் தலையில் போட்டுவிட்டாள். ஊரிலேயே இந்தத் தப்பைச் செய்யக்கூடியவள் அவள் ஒருத்திதான். வேறு யாராவது என்றால், வீங்கினதைப் பார்த்துப் பயந்து தூர வைத்திருப்பார்கள். அவளுக்கு எப்படிக் கொல்வது என்று தெரிந்திருந்தது.

பின்னால் படிக்கட்டுப் பலகை கிறீச்சிட்டது.

டப்பாக்களைத் தட்டிய சத்தம் மாடிவரை போயிருக்க வேண்டும். எத்தனை நாளாகக் கூப்பிட்டும் கீழே வராத மாமனார், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து நின்றார். வீடு முழுக்க அவருடைய வாசனை நிரம்பி நிற்கிறது. அவர் மட்டும் வெறுமையான முகத்தோடு ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். டப்பாவையும், அதன் மேலிருந்த கட்டைவிரலையும் பார்த்தார்.

உதடு அசைந்தது.

"என்ன சொல்றார் அண்ணி?"

மருமகள் படித்துச் சொன்னாள்: "முதல் மூச்சு ஒரு தடவைதான் வரும்ங்கறார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறிப் போய்விட்டார். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பழைய சாமான்காரர். உள்ளே தலையை நீட்டியவர், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார்.

"என்னம்மா இது, இந்த வாசனை?"

நாத்தனார் அவரைப் பார்த்தாள். போர்வையில் கிடந்த டப்பாக்களைப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் இதே வாசனை இருக்குமா?"

"சாமான் எடுக்க வந்தீங்களா, மோந்து பார்க்க வந்தீங்களா? போங்க!"

கதவைச் சாத்திவிட்டு வந்து, அண்ணியின் முகத்தை நேரே பார்க்காமல் சொன்னாள்: "இன்னிக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். வேண்டவே வேண்டாம்னு சொல்லலை."

மருமகள் மெழுகுவத்தியை உருக்கித் துளையை அடைத்தாள். மேலே ஒரு டேப்பை ஒட்டினாள். ஒட்டிவிட்டு டப்பாவைக் காதோரம் வைத்துக் கேட்டாள். சத்தம் இல்லை. வயிறு இன்னும் கொஞ்சம் உப்பலாகத்தான் இருந்தது. மூச்சு முழுவதும் போகவில்லை. ஆனால் மெழுகு எத்தனை நேரம் தாங்கும்? சாயங்காலத்துக்குள் இது போய்விடும். இதைவிடப் பெரிய வாசனை இந்த வீட்டில் இல்லை. இதையும் அவர் மோந்து பார்க்க முடியாமல் போனால், அப்புறம் எதைக் காட்டி அவரைக் கூப்பிடுவது?

அவர் உதட்டின் ஒரு சொல்கூட இத்தனை நாளில் அவளுக்குத் தப்பியதில்லை. போன வாரமும் அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொட்டாவி நேரத்தில், அந்த உதடு...

மருமகள் நிமிர்ந்தாள். டப்பாவையும் திறப்பானையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். சரியாக இருக்குமா, தப்பாக இருக்குமா என்று பாதிப் படியில் ஒரு தடவை நின்றாள். தப்பாக இருந்தாலும் காலையில் செய்ததைவிடப் பெரிய தப்பு ஆகாது என்று மீதியை ஏறினாள்.

"மாமா, மன்னிச்சிடுங்க. எங்க ஆலைன்னு நினைச்சு குத்திட்டேன்."

அவர் திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடியில் உதடு தெரிந்தது. 'குருடன் வீட்டில விளக்கு உடைஞ்சா என்னம்மா? விடு.'

"மாமா, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

'சொல்லு.'

"போன வாரம் நீங்க கொட்டாவி விட்டப்போ உதடு ஓரத்துல லேசாத் திறந்திருந்துது. உங்க மூடி லீக், மாமா."

நாற்காலி மெல்லத் திரும்பியது. வாழ்நாளில் யாரும் அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"வாய் ஒரு டப்பான்னு வெச்சுக்குங்க. மூடி சரியா அடைபட்டிருந்தா, தாடையை இறக்கும்போது உள்ளே காத்து இல்லாம ஆகும். அப்போ வெளிக்காத்து எப்படியாவது உள்ளே வரப் பார்க்கும். எந்த வழி? மூக்கு ஒண்ணுதான் வழி. ஆனா நீங்க உதட்டோரத்துல ஒரு சந்து விட்டுட்டீங்க. அது சுலபமான வழின்னு அதுலயே வந்துடுச்சு. மூக்குப் பக்கம் எதுக்குப் போகும்?"

மாமனார் அவளையே பார்த்தார். கண்ணில் ஏதோ ஒன்று நகர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த மொழி. கையால் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி, மடிப்பில் ஒரு மயிரிழைகூட விடாமல் அடைத்த மனிதரிடம், கொட்டாவி விடச் சொன்னால் எப்படிப் புரியும்? மடிப்பு சரியில்லை என்று சொன்னால் உடனே புரியும்.

தோள் குலுங்கியது. கழுத்துத் துளையில் புஸ் புஸ் என்று காற்று வந்தது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆனது.

கையை நீட்டி டப்பாவை வாங்கினார். மடியில் வைத்து, வீங்கிய வயிற்றை ஒரு தடவை தடவினார். திறப்பானை விளிம்பில் பொருத்தி வெட்டத் தொடங்கினார். மீதி இருந்த மூச்சும் மெழுகைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதற்குள் வாசலில் மாமியாரும் நாத்தனாரும் வந்து நின்றிருந்தார்கள்.

மூடி நிமிர்ந்தது.

உள்ளே இலை கறுப்பாக, அடுக்கடுக்காக, பழைய மரத்தைச் சீவி வைத்தது போல இருந்தது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பூஞ்சை!" என்றாள் நாத்தனார். "போச்சு, பூஞ்சை புடிச்சிருக்கு!"

மாமனார் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். டப்பாவை வெயிலுக்குச் சாய்த்தார். வெள்ளை முழுவதும் பளிச்சென்று மின்னியது. பஞ்சு மாதிரி இல்லை. பொடிப்பொடியாக, உடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. இலைக்குள் இருந்த இனிப்பெல்லாம் இருட்டிலேயே வெளியே வந்து, உறைந்து, படிகமாக நின்றிருந்தது. ஆளில்லாத இடத்தில், யாரும் பார்க்காதபோது, இத்தனை அழகாக ஒரு காரியம் நடந்திருக்கிறதே என்று மருமகளுக்குத் தோன்றியது.

"அப்பா," என்று நாத்தனார் கடைசியில் மெல்லச் சொன்னாள். "பத்த வைக்கணும்னு மட்டும்..."

அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். உதடு அசைந்தது. மருமகள் அதைக் குரலாக்கினாள்: "புகை போதும், வாசனைதான் போதலைங்கறார்."

டப்பாவை மூக்குக்குக் கீழே பிடித்தார். வாயை மூடினார். தாடையை இறக்கினார்.

ஒன்றும் இல்லை.

"இடது ஓரம் மாமா. இன்னும் சந்து இருக்கு."

இறுக்கினார். இந்தத் தடவை வலது ஓரம் திறந்தது. மருமகளுக்குக் கை பரபரத்தது. மாமனார் முகத்தில் கை வைக்க முடியுமா? அவள் தன் உதட்டையே கடித்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் முன்னால் வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு விரலால் கணவரின் உதடுகளை, பொத்தானைப் பிடிப்பது போலச் சேர்த்துப் பிடித்தாள்.

"கட்டின நாளிலேர்ந்து வாயை மூடுங்க மூடுங்கன்னு சொன்னேன். கேட்டாத்தானே? இப்ப இறக்குங்க தாடையை."

இறக்கினார். மீண்டும் இறக்கினார். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. வறண்ட குழாயடியில் பம்பை அடிக்கிறவர் மாதிரி, தண்ணீர் வரும் என்ற நிச்சயமே இல்லாமல், விடாமல் இறக்கினார்.

திடீரென்று நிறுத்தினார்.

மூக்கு நுனி லேசாக அசைந்தது. கண் அகலமாகத் திறந்தது. ஒரு கை மேஜை விளிம்பைத் தேடிப் பிடித்தது. மூச்சு விடவே மறந்துபோனார். பிறகு அது கழுத்துத் துளை வழியாகப் பெருமூச்சாக வெளியே வந்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கி மாமியாரின் விரல்மேல் விழுந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

ஒரு மனிதர் மோந்து பார்ப்பதை வேறு எந்த வீட்டிலும் மூன்று பெண்கள் இப்படி நின்று பார்த்திருக்க மாட்டார்கள். தினமும் ஆயிரம் தடவை எல்லோரும் செய்கிற காரியம். அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று மருமகளுக்கு அதுவரை தெரியாது.

ஆனால் அவள் மனசு சும்மா இருக்குமா? அடுத்த நொடியே உள்ளே ஒரு கேள்வி கிளம்பியது. நிஜமாகவே வந்ததா? இல்லை, எங்களுக்காக வந்தது போலக் காட்டுகிறாரா? வாசனையா, வாசனையின் ஞாபகமா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? கேட்கவும் முடியாது.

மாமனார் மறுபடியும் தாடையை இறக்கினார். இன்னொரு தடவை. மெல்ல மெல்ல முகம் மாறியது. புருவம் நெரிந்தது. டப்பாவைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்தார், இன்னொரு தடவை இழுத்தார். மாமியாரின் விரல்களை விலக்கிவிட்டு மருமகளைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்றே அவள் நினைத்தாள். "தேனா, மாமா?"

அவர் தலையை ஆட்டினார். உதடு வேகமாக ஓடியது.

"என்ன அண்ணி? என்னவாம்?"

"இதுல தேன் இருக்காம். இலையில தேன், சர்க்கரைன்னு எதையும் கலக்கறது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். ஒரு தடவைகூடக் கலந்ததில்லையாம். அதனால..." மருமகள் நிறுத்தி, அவர் உதட்டை மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டாள். "இது தன் கை இல்லைங்கறார். இதைத் தான் அடைக்கலைங்கறார்."

நாத்தனார் டப்பாவைப் பிடுங்கி மூக்கை உள்ளேயே நுழைத்தாள். "தேனா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

மருமகள் வாங்கினாள். கண்ணை மூடி இழுத்தாள். மண் வந்தது, மரம் வந்தது, பழம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு மூலையில், யாரோ ஒளித்து வைத்தது போல ஒரு துளி இருந்தது. தேன்தான். நல்ல மூக்கு இருந்தவர்களுக்குத் தானாகத் தெரியாதது, மூக்கே போனது என்று எல்லோரும் நினைத்தவருக்குத் தெரிந்திருந்தது. ஞாபகம் என்றால் தன் கலவைதான் ஞாபகம் வந்திருக்கும். இல்லாத தேன் வந்திருக்காது.

தேன் கலந்தால் உள்ளே நுரைக்கும். நுரைத்தால் வாயு கட்டும். அத்தனை டப்பாவில் இது ஒன்று மட்டும் வீங்கினது ஏன் என்று இப்போது புரிந்தது. யார் கலந்தது என்பதுதான் புரியவில்லை.

மாமியார் விரலை உடையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒருவழியாக் கண்டுபிடிச்சீங்களா?" என்றாள். "நான் அடைச்சதைத் தூக்கிட்டுப் போய் ஊருக்கெல்லாம் 'என் கிரீடம், என் கிரீடம்'னு காட்டினீங்க. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அம்மா!" என்றாள் நாத்தனார். "நீயா? புகையிலையைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவறவ நீ!"

மாமனார் வாயைத் திறந்தபடி மனைவியையே பார்த்தார். உதடு ஒரே ஒரு சொல்லைச் சொன்னது. அதைப் படிக்க மருமகள்கூடத் தேவையில்லை. இருந்தாலும் தன் வேலை என்று அவள் சொன்னாள்:

"ஏன்னு கேக்கறார், அத்தை."

மாமியார் மேஜையில் கிடந்த மூடியை எடுத்தாள். டப்பாவின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"அதை நான் சொல்ல மாட்டேன். நான் அடைச்சது கீழே இன்னும் ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் தேன் இல்லை, வேற. அந்த அலமாரியில எதுன்னு தேடி எடுத்து, என்ன போட்டிருக்கேன்னு மோந்து பார்த்து அவரே சொல்லட்டும். அது தெரிஞ்சா ஏன்னு தானாத் தெரியும்."

நாத்தனார் ஏதோ கேட்கத் திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது.

மாமனார் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்.